யாழ்ப்பாணத்தில் நாலு நாள், ஒரு அரைப் புள்ளி

ஜூலை 4, 2025, வெள்ளி

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு இந்த வருடம் மார்ச் கடைசியில்தான் விமானம் விட்டார்கள். விசிறி வைத்த சின்ன விமானம். தண்ணீர் கேட்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கீழே பனந்தோப்பு வந்துவிட்டது. பட்டுக்கோட்டையில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போக எனக்கு இதைவிட அதிக நேரம் ஆகும்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சட்டைப் பையில் இருந்த பேனா கக்கிவிட்டது. வெள்ளைச் சட்டையில் இலங்கை வரைபடம் மாதிரியே ஒரு கறை. குடிவரவு அதிகாரி கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்தினார். சிரிக்கவில்லை. பேனாவைக் குப்பையில் போட்டேன். பின்னால் வரப்போவதெல்லாம் இந்தப் பேனாவில்தான் ஆரம்பித்தது.

ஓட்டோவுக்கு 2500 ரூபாய் என்றதும் நெஞ்சு அடைத்தது. நம்ம காசில் எழுநூறு சொச்சம் என்று கணக்குப் போட்டதும் திறந்துகொண்டது. வழியெல்லாம் செம்மண், வாழை, வெங்காயம், கதியால் வேலி. ஓட்டிய தம்பி நண்பனின் ஊரான கொக்குவில் வரும்வரை கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க வெய்யில் எப்பிடி?" திருச்சி வெயிலைச் சொன்னேன். "அப்ப இது உங்களுக்குக் குளிர்" என்றார். குளிர் இல்லை. ஆனால் காற்று இருந்தது. சோளகம் என்கிறார்கள், தென்மேற்கிலிருந்து நாள் முழுக்க வீசுகிறது. தலை வாருவது வீண் வேலை.

நண்பன் என்னோடு திருச்சியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். தொண்ணூறுகளில் குடும்பத்தோடு அங்கே வந்தவர்கள், சண்டை முடிந்த பிறகு ஊர் திரும்பினார்கள். அன்றிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வீட்டில், தெருவில், போனில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழ். என் பக்கம் திரும்பினால் மட்டும் "என்னடா மாப்ள" என்று உறையூர்க்காரனாகிவிடுகிறான்.

ராத்திரி இடியப்பம், தேங்காய்ச் சம்பல், சொதி. சொதியை நாம் திருநெல்வேலிக் கல்யாணத்தில் பார்த்திருக்கிறோம், இது அது இல்லை. மஞ்சள் நிறத்தில், தண்ணீராக, இடியப்பத்துக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளும். அவன் அம்மா தட்டோடு வரும்போதெல்லாம் நண்பன் முந்திக்கொண்டு "போதுமாடா?" என்று எனக்கு மொழிபெயர்த்துவிடுவான். கடைசியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். நாலு துண்டுக்கு மேல் முடியவில்லை என்றேன், ஏழு தின்றேன்.

படுக்கும்முன் கைப்பேசியில் ஒரு பட்டியல் போட்டேன். கதைப்பது என்றால் பேசுவது. கெதியா என்றால் சீக்கிரம். வெளிக்கிடு என்றால் கிளம்பு. மணிக்கூடு என்றால் கடிகாரம். ஆறுதலா என்றால் தேறுதல் இல்லை, நிதானமாக. பத்து வார்த்தை சேர்ந்ததும் பாஷை பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

ஜூலை 5, சனி

நண்பனுக்கு வேலை. அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனேன். ஒரு சந்தியில் வழி கேட்டேன். எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பி, "பின்னால வாங்கோ" என்று ஒரு கிலோமீட்டர் கூடவே ஓட்டி வந்தார். கோட்டை மதில் தெரிந்ததும் கையை நீட்டிக் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். நன்றி சொல்ல இடம் கொடுக்கவில்லை.

கோட்டைக்கு ஐந்து மூலை. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திக் கட்டியது. மதிலில் பவளக்கல். மேலே நின்றால் கடல்நீரேரி முழுக்கத் தெரிகிறது, ஆனால் காற்று நிற்க விடாது. தொப்பி அகழிக்குள் பறந்தது. நானூறு வருடமாக யார் யார் எதையெல்லாம் தொலைத்த அகழியோ. விட்டுவிட்டேன்.

நூலகத்துக்கும் போனேன். 1981இல் எரித்தபோது 97,000 நூல்கள் போயின என்று படித்தவன் உள்ளே போகும்போது எப்படி நடப்பது என்று தெரியாமல்தான் நடப்பான். வாசலில் சரஸ்வதி சிலை. உள்ளே ஒரு பெண் பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், தலை தூக்கவில்லை. நானும் மெதுவாக வெளியே வந்துவிட்டேன்.

மதியம் பெரிய கடைப் பக்கம் ஒரு சைவக்கடையில் சாப்பாடு. அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. பரிமாறியவர் என் தமிழைக் கேட்டதும் இரண்டாம் முறை அப்பளம் வைத்தார். இந்தப் பாஷைக்கு இப்படி ஒரு சலுகை உண்டென்று தெரியாது.

சாயங்காலம் ஒருவர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்தார். ஐம்பது வயது. ஊர்ச் செஸ் கழகத்தின் கேப்டன். நாளைக்கு வடமராட்சிக்காரர்களோடு (பருத்தித்துறைப் பக்கத்தவர்கள்) வருடாந்தரப் போட்டியாம், ஆறு மேசை. ஐந்தாம் மேசைக்காரருக்குக் காய்ச்சல். நண்பன் என்னைப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"தம்பி செஸ் விளையாடுவியளாம்."

நான் சின்னக் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறவன், ரேட்டிங் 1450 என்று உள்ளதைச் சொன்னேன்.

"இந்திய ரேட்டிங் எண்டா இஞ்ச இருநூறு கூட்டிப் பாக்கலாம்."

குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனாலும் ஆனார், தமிழ்நாட்டிலிருந்து வரும் எல்லாருக்கும் அதில் பங்கு வந்துவிட்டது. அங்கே ஒரு பையன், கேப்டனோடு வந்தவன், போன மாதம் நோர்வேயில் கார்ல்சன் குகேஷிடம் தோற்று மேசையைக் குத்தியதை நான் நேரில் பார்த்தேனா என்று கேட்டான். நான் திருச்சியில் குப்பை வண்டிக்குக் காத்திருந்தபோது போனில் பார்த்தேன். அதைச் சொல்லவில்லை.

கேப்டன் விதியைச் சொன்னார். ஆறில் மூன்றரை எடுத்தால் கோப்பை. மூன்றுக்கு மூன்று என்றால் போன வருடம் வென்றவர்களிடமே அது இருக்கும். போன வருடம் வென்றது வடமராட்சி. "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். ஆறுதலா விளையாடுங்கோ" என்று சொல்லிப் போனார். பட்டியலில் இருந்த வார்த்தை. ஒரு பெருமை.

ஜூலை 6, ஞாயிறு

ஆட்டம் சனசமூக நிலையத்தில். இங்கே ஊருக்கு ஊர் இது இருக்கிறது. முன்னறையில் பேப்பர் படிக்கச் சாய்வு மேசைகள், பின்னால் ஒரு மண்டபம். மண்டபத்தில் ஆறு மேசை, பன்னிரண்டு கதிரை. காற்றில் ஆட்டம் எழுதும் தாள்கள் பறந்தன. சன்னலைச் சாத்தினால் புழுக்கம், விசிறி போட்டால் மறுபடி பறந்தன. கடைசியில் நடுவர் ஒரு பையனை முற்றத்துக்கு அனுப்பிப் பன்னிரண்டு கல் பொறுக்கி வரச் செய்தார். ஆளுக்கொரு கல். காய்களோடு சேர்த்து அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிஜிட்டல் மணிக்கூடு நாலுதான். முதல் நாலு மேசைக்கு ஐம்பது நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி கூடுதல். ஐந்துக்கும் ஆறுக்கும் சாவி கொடுக்கும் பழைய மணிக்கூடு, சுளையாக ஒரு மணித்தியாலம். அறுபது நகர்த்தலுக்குக் கணக்கு ஒன்றுதானே என்றார் நடுவர். கணக்கு ஒன்றுதான். ஆனால் கடைசி மூன்று நிமிடத்தில், நேரம் முடிந்தால் விழும் கொடியை முள் தூக்க ஆரம்பிக்கும்போது, நகர்த்தலுக்கு நகர்த்தல் விநாடி கூடுதல் வாங்குகிறவனுக்கு ஒரு வயிறு, இவனுக்கு வேறு வயிறு.

வடமராட்சிக்காரர்கள் வேனில் எட்டரைக்கே வந்துவிட்டார்கள். முதலில் இறங்கியது ஆள் இல்லை, ஒரு பெரிய தகர டின். பருத்தித்துறை வடை. நம்ம ஊர்த் தட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி, உறைப்பு கொஞ்சம் கூட. போட்டிக்கு முன்னால் எதிரணிக்கு வடை கொடுப்பது விருந்தோம்பலா, தண்ணீர் தவிக்க வைக்கும் உத்தியா என்று கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார் அவர்கள் கேப்டன்.

காய்ச்சல்காரர் இல்லாததால் ஆறாம் மேசையில் ஆட வேண்டிய பிள்ளை ஐந்துக்கு ஏறினாள், ஆறு எனக்கு. கறுப்புக் காய். எதிரே வேட்டி கட்டிய ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், அறுபத்தைந்து இருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா. என்னிடம் பேனா இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கேட்கும்முன்பே ஒன்றை உருவிக் கொடுத்தார்.

முதல் மேசை இருபது நகர்த்தலில் டிரா. இருவரும் தெரிந்த வழியிலேயே போய்த் தெரிந்த இடத்தில் கை குலுக்கினார்கள். இரண்டாம் மேசையில் எங்கள் ஆள் ராணியைத் தொட்டுவிட்டார். குதிரையைத்தான் எடுக்க நினைத்தாராம். தொட்ட காயை ஆட வேண்டும். யாரும் சத்தம் போடவில்லை. எதிராளி சொல்லக்கூட இல்லை, இவரே ராணியை நகர்த்தி, பத்து நிமிடத்தில் தோற்று, எழுந்து போய் முன்னறையில் பேப்பரை விரித்துக்கொண்டார். தலைகீழாக. மூன்றாவது எங்களுக்கு. நாலாவது டிரா. இரண்டுக்கு இரண்டு. மிச்சம் இருந்தது சாவி மணிக்கூட்டு மேசைகள்.

என் ஆட்டம் முப்பதாவது நகர்த்தலில் ஆளுக்கொரு யானை, நாலு நாலு சிப்பாய் என்று நின்றது. அவருக்கு இடது ஓரத்தில் ஒரு சிப்பாய் தனியாக, எனக்கு நடுவில் ஒன்று கூட, மீதி மூன்றும் மூன்றும் வலப்பக்கம் எதிரெதிரே. என் யானை அந்த ஓரத்துச் சிப்பாயின் முதுகைப் பிடித்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. அவர் ராஜாவை ஒரு கட்டம் தள்ளினார். பிறகு குனிந்து, மெதுவாக,

"காணும், என்ன தம்பி?"

என்று சொல்லி மணிக்கூட்டை அமுக்கினார்.

நம்ம ஊரில் "பேனாவைக் காணும்" என்றால் என்ன? காணோம் என்றுதானே? அவர் பையைப் பார்த்தேன். ஒரு பேனாதான் இருந்தது. பாவம், காலையில் கொடுத்ததை மறந்துவிட்டார், வயசு. என் கையில் இருந்ததை நீட்டி, "இந்தாங்க ஐயா, இங்கதான் இருக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேனாவை வாங்கிப் பையில் செருகினார். இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் ஆடிய ஆட்டமே வேறு.

நடுவர் எனக்கு வேறு பேனா கொண்டுவந்தார். பத்து நகர்த்தல் கழித்து யானைக்கு யானை மாற்றினேன். எண்ணிக்கை சமம்தானே என்ற நினைப்பு. மாற்றிய கை மேசையை விட்டு எடுபடும் முன்பே தெரிந்துவிட்டது. அவர் ஓரத்துச் சிப்பாய் கிளம்பியது, அதைப் பிடிக்க என் ராஜா இடது ஓரத்துக்கு ஓடினார், அந்த நேரத்தில் அவர் ராஜா நடுச்சிப்பாயைத் தின்றுவிட்டு வலப்பக்கம் மிச்சத்தையும் தின்னப் போனார். பாடப்புத்தகத்துத் தோல்வி. ராஜாவைச் சாய்த்தேன். இரண்டு, மூன்று.

இனி ஐந்தாம் மேசை வென்றாலும் சமன்தான். எழுந்து அங்கே போனேன். எங்கள் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, இரட்டைப் பின்னல். எதிரே ஒரு வாலிபர், இரவு கடலுக்குப் போய், விடியக் கரை வந்து, வேனில் தூங்கிக்கொண்டே வந்தவராம். ஆளுக்கொரு யானை. அவளுக்கு மட்டும் ஒரே ஒரு சிப்பாய், ஏழாம் வரிசையில், ராணியாக ஒரு அடி பாக்கி. அந்த ஒரு கட்டத்தில் அவள் ராஜாவே நின்றுகொண்டு வழியை அடைத்திருந்தார். வெளியே வந்தால் எதிரி யானை முதுகில் செக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அவள் பக்கம் இரண்டு நிமிடம். கொடி சாய்வாக எழும்பி நின்றது.

அவளுடைய அம்மம்மா முன்னறையிலிருந்து குடையோடு வந்து வாசலில் நின்றார். மூச்சுச் சத்தம் தவிர மணிக்கூட்டின் டிக் டிக் மட்டும்.

பிள்ளை யானையைத் தூக்கி நாலாம் வரிசையில் வைத்தாள். செக் இல்லை, வெட்டு இல்லை, பார்க்கிறவர்களுக்கு நேரம் வீணடித்த மாதிரி ஒரு நகர்த்தல். நான் உதட்டைக் கடித்தேன். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்து அதே வரிசையில் ஒரு செக், எதிரி ராஜா இன்னும் ஒரு கட்டம் தள்ளிப் போனார். இவள் ராஜா வெளியே வந்தார். செக். இறங்கினார். செக். விலகினார். மூன்றாவது செக்குக்குக் கீழே இறங்கி ஐந்தாம் வரிசைக்கு வந்தபோது, அடுத்த செக்குக்கு இடையில் அந்த நாலாம் வரிசை யானை வந்து குறுக்கே நின்றது. பாலம் கட்டுவது என்பார்கள். லுசேனா நிலை என்று பெயர், ஆனால் 1497இல் வந்த லுசேனாவின் நூலில் அது இல்லை. சால்வியோ என்ற இத்தாலியர் 1634இல் அச்சிட்ட நூலில்தான் இருக்கிறது. நேற்று நான் தொப்பியைத் தொலைத்த ஊரில் அப்போது போர்த்துக்கேயர் ஆட்சி.

வாலிபர் பலகையைப் பார்த்தார். அவளுடைய கொடியைப் பார்த்தார், அது விழ இன்னும் இருபது விநாடி இருந்திருக்கும். சும்மா இரண்டு நகர்த்தல் இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. கையை நீட்டி, "நல்லா விளையாடினீர் பிள்ளை" என்றார். மூன்றுக்கு மூன்று.

அப்புறம்தான் சத்தம் வந்தது. தேத்தண்ணி, ரோல்ஸ், அம்மம்மா கொண்டுவந்த பனங்காய்ப் பணியாரம். கோப்பையை வடமராட்சிக்காரர்கள் தாங்கள் கொண்டுவந்த அதே துணிப்பையில் மறுபடி வைத்தார்கள். மூலையில் நின்ற என்னிடம் எங்கள் கேப்டன் வந்து, தோளைத் தட்டி, "நீங்கள் வந்ததே காணும், தம்பி" என்றார்.

வந்ததே காணோம் என்கிறார். வந்தும் வராத மாதிரிதான் ஆடினாய் என்கிறார். நியாயம்தான், இருந்தாலும் இப்படி முகத்துக்கு நேராகவா? பணியாரம் தொண்டையில் நின்றது.

ராத்திரி சாப்பிடும்போது நண்பனிடம் முறையிட்டேன். அவன் புட்டுக் கவளத்தை வாயருகே வைத்துக்கொண்டு சிரித்தான். "டேய், காணும்னா போதும்டா. நீ வந்ததே போதும்னு சொல்லியிருக்காரு."

நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

"அப்போ... ஆட்டத்துல ஒருத்தர் 'காணும், என்ன'ன்னு கேட்டா?"

"போதும், நிறுத்திக்கலாமான்னு அர்த்தம். டிரா கேக்குறாரு. ஏன்?"

அவன் அம்மா அந்த நேரம் பார்த்துப் புட்டுப் பானையோடு வந்து என் தட்டுக்கு மேல் கையை நிறுத்தி, "காணுமே?" என்றார்.

அந்த அரைப் புள்ளி இருந்திருந்தால் மூன்றரை. கோப்பை கொக்குவிலில்.

ஜூலை 7, திங்கள்

தூக்கம் வரவில்லை. காலையில் பஸ் பிடித்துப் பருத்தித்துறைக்குப் போனேன். நடுவரிடம் வாத்தியாரின் வீட்டு வழியை வாங்கியிருந்தேன். பஸ்ஸில் பாட்டு அலறியது, நடத்துநர் மீதிக் காசை இறங்கும்போதுதான் தந்தார், ஆனால் மறக்காமல் தந்தார். வெளிச்சவீட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கடலோரச் சந்து ஒன்றில் வீடு.

திண்ணையில் உட்கார வைத்து விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பு ஆரம்பித்தது, இருமலில் முடிந்தது. உள்ளே கூப்பிட்டு மனைவிக்கும் ஒரு முறை சொல்ல வைத்தார்.

"நான் ட்ரோ கேட்டன். நீங்கள் பேனையையே திருப்பித் தந்திட்டியள். எனக்குச் சரியான கோவம். இந்தியாவில இருந்து வந்து இவ்வளவு லெவலோ எண்டு நினைச்சன். இல்லாட்டி நான் அதுக்குப் பிறகு ஒரு நகர்த்தலும் யோசிச்சிருக்க மாட்டன், எனக்கு முதுகு நோ."

பிறகு பலகையை எடுத்தார். அந்த நிலையை ஒரு காய் பிசகாமல் அடுக்கினார். எனக்கே எந்தக் கட்டத்தில் என் ராஜா இருந்தார் என்பது மறந்திருந்தது. அங்கிருந்து ஆடினோம். இந்த முறை யானையை மாற்றவில்லை, ஓரத்துச் சிப்பாயின் முதுகை விடவில்லை. நாற்பது நகர்த்தல் ஓடியது. ஆனாலும் தோற்றேன். யானையை அவர் கோட்டை என்கிறார். "உங்கட கோட்டை நல்லா நிண்டது, ராசாதான் நித்திரை" என்றார்.

கோப்பையையும் காட்டினார்கள். அவர்கள் கேப்டனின் கடையில் பிஸ்கட் டின்களுக்கு நடுவில் இருந்தது. ஐம்பது வடை வாங்கினேன், எழுபது கட்டிக் கொடுத்தார்கள், ஐம்பதுக்கே காசு வாங்கினார்கள்.

கொக்குவில் கேப்டன் அண்ணைக்கு இன்னும் சொல்லவில்லை. நண்பன் சொல்லாதே என்கிறான், வாத்தியார் சொல்லத்தான் வேண்டும் என்கிறார். அண்ணை, இதை வாசித்தால் கோபம் வேண்டாம், அடுத்த வருடம் ஜூலையில் ஆறாம் மேசைக்கு என் செலவில் வருகிறேன். பேனா கொண்டுவருகிறேன்.

கிளம்பும் நேரத்தில் வாத்தியாரின் மனைவி மூன்றாவது தேத்தண்ணியோடு வந்தார். கோப்பைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, நன்றாக நிறுத்தி, "காணும்" என்றேன். சரியாகத்தான் சொன்னேன், வாத்தியார்கூடத் தலையாட்டினார்.

அம்மா என் கையை நகர்த்திவிட்டு ஊற்றினார்.